டிரான்ஸ்ஃபர் கேஸ் லீக்

இருபத்தோரு வருஷமாகத் தன் ஜீப்புக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்ததில்லை என்று இருதயராஜ் சொல்வார். யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் கட்டாயம் சொல்வார். ஆம்பூர் பைபாஸ் டீக்கடையில் லாரிக்காரர்கள் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து, "உங்க வண்டி நின்ன எடத்துல புல்லு மொளைக்குமா? என் வண்டி நின்ன எடத்துல எலை போட்டு சோறு துன்னலாம்" என்பார். அப்படி யாரும் தின்று பார்த்ததில்லை. ஆனாலும் பேச்சில் பொய் இல்லை.

ஜீப் அவருடையதும் இல்லை. மலைப்புறக் கல்விச் சங்கத்துடையது. ஜவ்வாது மலையில் ஏழு பள்ளிக்கூடம், கீழே ஆம்பூரில் ஒரு ஹைஸ்கூல், ஒரு ஹாஸ்டல், ஒரு ஆபீஸ் என்று சங்கம் நடந்துகொண்டிருந்தது. மலைக்கு அரிசியும் சாக்பீஸும் ஏற்றிப் போகத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். இருதயராஜ் மாதம் ரெண்டு தடவை மலை ஏறிவிட்டு வருவார். மற்ற நாளெல்லாம் அந்த வண்டி ஏறிய பெரிய ஏற்றம் கல்யாண மண்டப வாசலில் போட்டிருக்கிற சிமென்ட் சரிவுதான். ஏனென்றால் மற்ற நாளெல்லாம் அதில் தாளாளர் சாந்தகுமார் போனார்.

சாந்தகுமாரின் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். என்று மூன்று பெட்டி கோத்த ரயில் ஓடும். லெட்டர்பேடில் அதற்கு இடம் பற்றாமல் சங்கத்தின் விலாசத்தைப் பொடி எழுத்தாக்கியவர் அவர். ஆபீஸ் வாசலில் புதிதாக ஒரு போர்ட்டிகோ கட்டி, வெள்ளைச் சலவைக்கல் தரை போட்டு, தூணில் ஒரு கல்வெட்டும் பதித்திருந்தார். திறந்து வைத்தவர் சாந்தகுமார், தலைமை சாந்தகுமார், முன்னிலை திருமதி சாந்தகுமார். கட்டிய கொத்தனார் பெயர் சாந்தகுமாராக இல்லாததால் அதில் வரவில்லை.

அந்த 1999ஆம் வருஷம் சங்கத்துக்குப் பவள விழா. ஜூன் கடைசிச் சனிக்கிழமை மலைமேல் பழைய பள்ளிக்கூடத்தில் விழா என்று முடிவாயிற்று. அதற்காக ஜீப்புக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார் தாளாளர். பாடியைத் தூக்கித் தனியே வைத்து, மேலே வெள்ளை, அடிவயிற்றுக்கெல்லாம் வெள்ளி நிறம்.

"அடியில யாரு ஐயா பாக்கப் போறாங்க?" என்று பெயின்டர் கேட்டதற்கு, "ஆண்டவர் பார்க்கிறார்" என்றார்.

ஆண்டவர் பார்த்தாரோ என்னவோ, சரியாக எட்டாம் நாள் காலை சலவைக்கல் தரையில், கல்வெட்டுக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது.

இருதயராஜ் குனிந்து பார்த்தார். விரலில் தொட்டார், மோந்தார். கியர் ஆயில். கியர் பாக்ஸுக்குப் பின்னால் தொங்குகிற இரும்புப் பெட்டியிலிருந்து வருகிறது. என்ஜினின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற பெட்டி அது. அதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர் கேஸ். பின்பக்கம் ஷாஃப்ட் வெளியே வருகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஆயில் சீல். அது போயிருக்கும்.

கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற அப்துல் வஹாபிடம் போய் சீல் வாங்கிவந்து மாற்றினார். ஷாஃப்டைக் கழற்றி, ஹேண்ட் பிரேக் டிரம்மைக் கழற்றி, பழைய சீலை நெம்பி, புதியதைக் கட்டையால் தட்டி உட்கார வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது" என்றார். மறுநாள் காலை தரையில் மறுபடி உள்ளங்கை.

இரண்டாவது சீல் மாற்றினார். இப்போது உள்ளங்கை முறமாயிற்று.

"இன்னா தோஸ்த், சீலை இட்லிக்குத் தொட்டுக்கறியா?" என்று கேட்டார் வஹாப்.

"பாய், நானே பேஜார்ல இருக்கேன்."

பேஜார் சும்மா இல்லை. அந்த வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில்தான் இருக்கும். ஒழுகுகிற எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள் போய், பிரேக் வழுக்க ஆரம்பித்துவிட்டது. கல்யாண மண்டபச் சரிவில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பதற்குள், வண்டி தாளாளரோடு நாலடி பின்னால் போயிற்று. வரவேற்க மாலையோடு வந்தவர் மாலையைக் காற்றுக்குப் போட்டார்.

திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டார். மேஜை மேல் விரல்களைக் கோத்து வைத்துக்கொண்டு, மேடைத் தமிழில் பேசினார்.

"இருதயராஜ், ஒரு நிறுவனத்தின் வாகனம் அதன் முகம். அந்த முகத்தில் மூக்கு ஒழுகுகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சாவியை இங்கே வைத்துவிடு. ஹாஸ்டலில் பம்ப்செட் போட ஆள் இல்லை."

இருதயராஜ் வெளியே வந்தார். பம்ப்செட்டில் ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். இருபத்தோரு வருஷம் பதினாலு கொண்டை ஊசி வளைவை மழையிலும் மூடுபனியிலும் ஓட்டிய கைக்கு இரண்டு பட்டன். அதைவிட, டீக்கடை லாரிக்காரர்கள். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கிளாஸுக்குள் சிரிப்பார்கள்.

செவ்வாயும் புதனும் ஜீப்புக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். ஷாஃப்டில் தேய்மானம் இல்லை. பேரிங்கில் ஆட்டம் இல்லை. சீல் நல்ல சீல். எல்லாம் சரியாக இருந்தது, ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. மேலே வெள்ளிப் பெயின்ட் நிலா மாதிரி பளபளத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதன் சாயங்காலம் அவர் மனைவி சவுரியம்மாள் ஷூ கம்பெனியிலிருந்து கோபத்தோடு வந்தாள். கம்பெனியில் அவள் மேல்தோல் தைக்கிறவள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஐநூறு ஜோடிய திருப்பி அனுப்பிட்டான் ஜெர்மன்காரன். எங்க சூப்பர்வைசர் எங்க தையல்தான் சரியில்லன்னு குதிக்கறான்."

"தையலு விட்டுடுச்சா?"

"விட்டுச்சிதான். ஆனா தையல் மேல இன்னா தப்பு? தோலு மூச்சு விடலங்க."

"செத்த ஆட்டுத் தோலு மூச்சு வேற வுடணுமா?"

"சிரிக்காதீங்க. ஷூவுன்னா மூச்சு வுடணும். பளபளன்னு இருக்கட்டும்னு டேனரியில ஒரு கோட் ஜாஸ்தியா பெயின்ட் அடிச்சிட்டாங்க. துவாரம் பூரா அடைஞ்சி போச்சி. உள்ள கால் வேவுது, வேர்வை மேல போவ வழியில்ல, தையல்ல ஊறி தையல் வுடுது. திட்டு மட்டும் தச்சவளுக்கு."

இருதயராஜின் கை பிசைந்த சோற்றோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"இன்னொரு தபா சொல்லு."

"இன்னாத்த?"

"பெயின்ட் ஜாஸ்தி. துவாரம் அடைஞ்சி. அதான் தையல் வுடுது."

"அதத்தான சொன்னேன். சோறு ஆறுது, துன்னுங்க."

அவர் தின்றார், ஆனால் என்ன தின்றார் என்று அவருக்குத் தெரியாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் உச்சந்தலையில், அடியில் படுத்தால் கண்ணுக்கே தெரியாத இடத்தில், சுண்டைக்காய் அளவுக்குத் தொப்பி போட்ட ஒரு சின்ன மூடி இருக்கும். அதில் ஊசி நுழைகிற ஓட்டை. பிரீதர் என்பார்கள். வண்டி ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகும், காற்று உப்பும். அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். பெட்டியின் மூக்கு அது. இருபத்தோரு வருஷத்தில் ஒருநாளும் தொந்தரவு கொடுக்காததால் அவர் அதை மறந்தே போயிருந்தார்.

வியாழன் காலை ஜீப்பை வாணியம்பாடிவரை விரட்டி ஓட்டிச் சூடாக்கித் திரும்பி வந்து, வஹாப் கடை எதிரே புளியமரத்தடியில் நிறுத்தினார். அடியில் புகுந்து எண்ணெய் ஊற்றுகிற மூடியை மெள்ளத் தளர்த்தினார்.

புஸ்ஸ்ஸென்று சீறியது. எண்ணெய் மூஞ்சியில் தெறித்தது.

"யா அல்லா! ராஜு, அது ஜீப்பா, நல்ல பாம்பா?" என்று கடைக்குள்ளிருந்து எழுந்து வந்தார் வஹாப்.

எண்ணெய் வழிகிற முகத்தோடு இருதயராஜ் அடியிலிருந்து பல்லைக் காட்டினார். "பாய், மூக்கடைப்பு பாய்! வெறும் மூக்கடைப்பு!"

உள்ளே ஏறி, கியர் ராடைச் சுற்றியிருக்கிற தகட்டைக் கழற்றிக் கையை விட்டுத் தடவினார். ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஒரு மொட்டு. வெள்ளிப் பெயின்ட், மூணு கோட். சவுரியம்மாளிடம் கேட்டு வாங்கிவந்திருந்த தோல் குத்தூசியால் பெயின்டைச் சுரண்டி, பிரீதரைக் கழற்றித் தின்னரில் ஊறவைத்து, வாயில் வைத்து ஊதினார். முதல் ஊதலில் கன்னம்தான் உப்பியது. நாலாவது ஊதலில் காற்று போயிற்று. ஐந்தாவதில் விசிலே வந்தது. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. இன்னும் இரண்டு தடவை ஊதினார். அது வேலைக்கு அவசியமில்லை.

பிரஷரில் உதடு பிய்ந்துபோன சீலை மூன்றாம் தடவையாக மாற்றினார். பிரேக் டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, லைனிங்கையும் புதிதாகப் போட்டார். மறுபடி வாணியம்பாடி, மறுபடி புளியமரம். மூடியைத் தளர்த்தினால் சத்தமே இல்லை. சீலைச் சுற்றி விரலை ஓட்டினார். காய்ந்திருந்தது.

வஹாப் கடை போனிலிருந்து ஆபீசுக்குச் சொன்னார். எடுத்தது டைப்பிஸ்ட் இவாஞ்சலின். எதைச் சொன்னாலும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைக்கிற பெண். "ஐயாகிட்ட சொல்லும்மா. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீக் எங்கேர்ந்துன்னு கண்டுபுடிச்சிட்டேன். அதுக்கு யார் காரணம்னும் தெரிஞ்சிடுச்சி. நாளைக்கு வந்து நேர்லயே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை அவர் ஆபீசுக்குப் போனபோது தாளாளர் அறையில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. பக்கத்து அறையில் டீச்சர்கள் விழாப் பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவாஞ்சலின் அழுத கண்ணோடு டைப்ரைட்டர் அருகே நின்றாள். தாளாளர் கையில் அவள் எழுதிய சீட்டு இருந்தது.

"வா, இருதயராஜ். உக்காரு."

இருபத்தோரு வருஷத்தில் அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தாளாளரின் மேடைத் தமிழைக் காணோம்.

"லீக் எங்கேர்ந்து?"

"சீல் வழியாத்தான் ஐயா."

தாளாளர் மேஜை டிராயரைப் பார்த்தார். "அரக்கு உருக்கி நானே என் கையால சீல் வெச்சேனே!"

இவர் எப்போது ஜீப்புக்கு அடியில் படுத்தார் என்று இருதயராஜுக்குப் புரியவில்லை. அரக்கு எதற்கு என்றும் புரியவில்லை. "ஐயா வெச்சது தெரியாது. மூணு தபாவும் நான்தான் பிரிச்சு மாத்தினேன்."

"மூணு தடவை பிரிச்சியா?"

"பிரிக்காம உள்ள எப்படி ஐயா பாக்கறது?"

தாளாளர் தண்ணீர் குடித்தார். "சரி. உள்ள எல்லாத்தையும் பாத்துட்டே."

"பாத்துட்டேன். சீல் மேல தப்பே இல்ல ஐயா. உள்ள பிரஷர் ஜாஸ்தி. மேல போவ வழியில்லாம மூடிட்டாங்க. அப்புறம் கெடைச்ச சந்துலதான வெளிய வரும்? சீலு எவ்ளோ நாள் தாங்கும்?"

"பிரஷர்தான் இருதயராஜ்!" தாளாளருடைய குரல் உயர்ந்தது. "வீட்ல பிரஷர். உனக்குத் தெரியாததா? ஜெஸி என் ஒய்ஃபுக்குத் தங்கச்சி. மலைக் குளிர் ஒத்துக்கலைன்னு தினம் அழுகை. அதான் அவளைக் கீழ ஹைஸ்கூலுக்குப் போட்டு, ஆக்னஸ் டீச்சரை மலைக்குத் தூக்கலாம்னு டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் போட்டேன். விழா முடிஞ்சதும் கொடுக்கறதா இருந்தேன். இன்னும் கையெழுத்துகூடப் போடலைப்பா!"

பக்கத்து அறையில் பாட்டு நின்றது. சுருதி பிடித்துக்கொண்டிருந்தவர் ஆக்னஸ் டீச்சர்.

இருதயராஜ் நாற்காலியிலிருந்து மெள்ள எழுந்தார்.

"ஐயா, நான் ஜீப்ப சொன்னேன்."

"என்னது?"

"டிரான்ஸ்ஃபர் கேஸ்னா ஜீப்புல ஒரு பெட்டி ஐயா. கியர் பாக்ஸுக்குப் பின்னாடி தொங்கும்."

மூன்று வாரமாக அந்த லிஸ்ட் ஒரு சொட்டு கசியாமல் டிராயருக்குள் கிடந்தது. அதை ஊருக்குத் திறந்துவிட்டவர், அடைக்க ஜன்னல் சாத்தியவரேதான். கதவு பக்கம் ஆக்னஸ் டீச்சர் பாட்டுப் புத்தகத்தோடு வந்து நின்று, "ஐயா, மலையில எந்தத் தேதியிலேர்ந்து ஐயா?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"லிஸ்டே கிடையாது டீச்சர்" என்றார் தாளாளர். கண்ணீர் காயாத இவாஞ்சலின், "மூணு காப்பி இருக்கே ஐயா, கிழிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். கிழிக்கிற சத்தம் மூன்று தடவை கேட்டது.

பிறகு தாளாளர் இருதயராஜ் பக்கம் திரும்பினார். போன மரியாதையில் கொஞ்சமாவது எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடுகிற முகம். "யாரோ காரணம்னு சொன்னியே. அது யாரு?"

"பெயின்ட் ஐயா. மூக்கை அடைச்சிடுச்சி. ரெண்டு கோட் ஐயாவோட உத்தரவு." இருதயராஜ் அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை, பெயின்டரும் ஊரில் இல்லை. ஆனாலும் சொன்னார். "மூணாவது கோட் நான் சொன்னது. பளபளன்னு இருந்ததப் பாத்து எனக்கே புத்தி மயங்கிப்போச்சி. இன்னொரு கோட் அடிப்பான்னுட்டேன்."

"பரவாயில்லை, பரவாயில்லை. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். பம்ப்செட் பேச்சே வேண்டாம். நீயும் இங்க நடந்ததை எங்கேயும்…"

"அப்படி வேணாம் ஐயா." சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "வாய மூடறதுக்கு சாவி குடுத்தாங்கன்னு ஆவக்கூடாது. நாளைக்கு மட்டும் குடுங்க, மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஏத்தத்துல நிறுத்தி, அடியில வெள்ளைத் துணி விரிக்கறேன். ஒரு சொட்டு வுழுந்தா நானே பம்ப்செட்டுக்குப் போறேன். வுழலன்னா நாலு பேரு எதிர்ல நீங்களே சாவிய எடுத்துக் குடுங்க."

சனிக்கிழமை ஆலங்காயம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கடைசி இரண்டு மைல் மண்பாதை கூழாகிக் கிடந்தது. விழாவுக்கு வந்த கார்கள் எல்லாம் கீழேயே நின்றுவிட்டன. பட்டுப் புடவைகள் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்துகொண்டிருந்தன. இருதயராஜ் டிரான்ஸ்ஃபர் கேஸின் சின்ன லீவரை முன்னால் தள்ளினார். முன் சக்கரம் இரண்டும் மண்ணைக் கவ்விப் பிடித்தன. பக்கத்தில் தாளாளரும், பின்னால் இவாஞ்சலினும் ஆக்னஸ் டீச்சரும் கம்பியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜீப் உறுமாமல் அவசரப்படாமல், தெரிந்த வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி ஏறியது.

பள்ளிக்கூட வாசலில் நல்ல சரிவாகப் பார்த்து நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு காலையும் தூக்கிக் காட்டினார். வண்டி அசையவில்லை. மழை விட்டிருந்தது. வண்டியின் அடியையும் தரைக்கல்லையும் ஈரம் போகத் துடைத்துவிட்டு, சவுரியம்மாள் கொடுத்தனுப்பிய வெள்ளை லைனிங் துணியை டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு நேர் கீழே விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். சாவியைத் தாளாளரிடம் நீட்டினார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

விழா இரண்டரை மணிநேரம் நடந்தது. அதில் ஒன்றே கால் மணிநேரம் தாளாளர் பேசினார். மேடைத் தமிழ் திரும்பி வந்திருந்தது.

"நிர்வாகம் என்பது என்ன? அது ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ். உள்ளே வெப்பம் எழும். வெளியேற வழி வேண்டும். அண்மையில் நமது வாகனத்தில் ஒரு கோளாறு. வல்லுநர்கள் திகைத்தார்கள். நான் சிந்தித்தேன். காற்று எங்கே போகும் என்று கேட்டேன்…"

கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் இவாஞ்சலின் இருதயராஜ் பக்கம் சாய்ந்தாள். "அண்ணே, இன்னாண்ணே இவரு தானே கண்டுபுடிச்ச மாதிரி பேசறாரு? நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"வுடும்மா. மனுசனுக்கும் மூச்சு வுட ஒரு ஓட்டை வேணும்ல? அத அடைச்சா வேற எங்கனா லீக் ஆவும்."

விழா முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தபோது இருதயராஜ் ஜீப்புக்கு அடியில் கைவிட்டுத் துணியை இழுத்தார். உதறினார். இந்தப் பக்கம் காட்டினார், அந்தப் பக்கம் காட்டினார். ஓரத்தில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சவுரியம்மாள் வெட்டிக் கொடுத்தபோது எவ்வளவு வெளுப்போ, அவ்வளவு வெளுப்பு.

ஆக்னஸ் டீச்சர்தான் முதலில் கைதட்டினார். தாளாளருக்கு ஒன்றே கால் மணிநேரத்துக்குக் கிடைத்ததைவிடச் சத்தமாகக் கைதட்டல் எழுந்தது. தாளாளர் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். இருதயராஜ் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு துணியை மடிப்புக் கலையாமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பைபாஸ் டீக்கடையில் லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜீப்பைப் பற்றி அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருதயராஜ் பையிலிருந்து துணியை எடுத்து விரித்தார்.